சேர்வராயன் அடிவாரக் காப்புக்காடு: மரக்கன்றுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள்

கேள்வி சுருக்கமாக: ஏற்காடு அடிவாரத்தில் ஓர் ஊர். ஊருக்குப் பின்னால் ஏறக்குறைய 300 ஹெக்டேர் காப்புக்காடு. மாசி, பங்குனி வந்தால் ஆண்டுதோறும் தீ. உண்ணிச்செடி (லாந்தனா என்ற அயல் புதர்ச்செடி) ஆள் உயரத்துக்கு மேல் அடைத்துக்கொண்டது. சாலையோரம் முழுக்கக் குப்பை. ஊர் இளைஞர்கள் பன்னிரண்டு பேரும் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் சிலரும் வனத்துறையோடு சேர்ந்து இதைப் பராமரிக்கவும் கண்காணிக்கவும் விரும்புகிறார்கள். முதல் வேலையாக ஆயிரம் மரக்கன்று நடலாமா என்று கேட்கிறார்கள்.

மரக்கன்றை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிப் போடுங்கள். நீங்கள் சொல்லும் காட்டில் தீயும் உண்ணிச்செடியும்தான் நோய். அவை இருக்கும் இடத்தில் நட்ட கன்று முதல் கோடையைத் தாண்டாது. தாண்டினாலும் உண்ணிச்செடியின் நிழலில் வெளுத்து நீண்டு, ஒரு நாள் சாய்ந்துவிடும். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கிய பிறகு கன்று கிடைப்பது எளிதாகிவிட்டது. அதனாலேயே எந்த நிலத்துக்கு எது தேவை என்று பார்க்காமல் குழி தோண்டிவிடும் ஆபத்தும் கூடியிருக்கிறது.

அடிவாரக் காட்டின் இயல்பை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். உசிலை, வெக்காலி, விராலி, இலந்தை, நெல்லி, இடையிடையே சந்தனம் என்று இருக்கும் இந்தக் காடு கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாகத்தான் நிற்கும். ஏப்ரலில் வந்து பார்த்துவிட்டுக் காடு அழிந்துவிட்டது என்று பதறக் கூடாது. பாறைச் சரிவில் புதரும் புல்லுமாக இருக்கும் இடங்களும் தரிசு கிடையாது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னான் என்ற பறவைக்கு அப்படிப்பட்ட சரிவுகள்தான் வீடு. மலை உச்சியில் சேர்வராயன் கோயிலைச் சுற்றி இருக்கும் புல்வெளிக்கும் இதே பேச்சுதான். அங்கே மரம் நட்டால் இருப்பதைக் கெடுத்ததாகிவிடும். வெட்டும் தீயும் பட்ட இடத்தில்கூட மண்ணுக்குள் பழைய வேர்க்கட்டைகள் உயிரோடு கிடக்கும். தொந்தரவு நின்றால் அவையே துளிர்த்து வரும். அந்தத் துளிர், நாற்றங்காலில் இருந்து வரும் எந்தக் கன்றையும்விட வேகமாக வளரும், ஏனென்றால் அதன் வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது.

அடுத்தது, நிலம் யாருடையது என்பது. ஊரார் காடு என்று சொல்லும் 300 ஹெக்டேரில் காப்புக்காடு, வருவாய்த் துறைப் புறம்போக்கு, ஊராட்சி நிலம், பட்டா நிலம் எல்லாம் கலந்து கிடக்கலாம். ஏரி இருந்தால் அது தனிக் கணக்கு: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பது பொது வழக்கம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (நிலம் யார் பெயரில் என்று காட்டும் ஊர்ப் பதிவேடு) புல வரைபடமும் பார்த்து, எந்தப் புல எண் யார் பெயரில் என்று ஒரு தாளில் வண்ணம் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் எந்தப் புகார் மனுவும் அலுவலகம் அலுவலகமாக அலையும்.

காப்புக்காடு என்றால் 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் உத்தேச அறிவிக்கை வந்து, ஊராரின் உரிமைகள் விசாரிக்கப்பட்டு, 16ஆம் பிரிவில் இறுதி அறிவிக்கை வந்த நிலம். 4ஆம் பிரிவோடு நின்றுவிட்ட துண்டுகளும் உண்டு. ஆக்கிரமிப்பு வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். எனவே உங்கள் வரைபடத்தில் இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அனுமதியின்றி காப்புக்காட்டில் நுழைவதும், தீ எடுத்துச் செல்வதும், மாடு மேய்ப்பதும் குற்றம். நல்ல நோக்கத்தோடு போனாலும் அனுமதி இல்லாமல் போனால் நீங்களும் அத்துமீறியவர்தான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கி இறந்த பிறகு, கோடை நுழைவில் வனத்துறை காட்டும் கண்டிப்புக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இந்தக் கண்டிப்போடு சண்டை போடாதீர்கள்.

மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம், ரேஞ்சருக்கு நகல். கடிதத்தில் இருக்க வேண்டியவை: பெயர், வயது, கைபேசி எண்ணோடு ஆட்களின் பட்டியல், எந்த மாதம் எந்த நாள்கள், எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறுவது, என்ன கருவிகள், என்ன அளக்கப் போகிறீர்கள், அளந்ததை யாரிடம் ஒப்படைப்பீர்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பீட்டின் (ஒரு வனக்காப்பாளரின் பொறுப்பில் இருக்கும் காட்டுப் பகுதி) வனக்காப்பாளரோ வனக்காவலரோ உடன் வர வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் எடுத்த கணக்கு அவருடைய நாட்குறிப்பில் ஏறாது, ஏறாத கணக்கால் எந்த வேலையும் நடக்காது. தானியங்கிக் கேமராவுக்கும் ட்ரோனுக்கும் தனி அனுமதி வேண்டும். முதல் ஆண்டில் இரண்டும் தேவைப்படாது.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடுக்காயும் நெல்லியும் தேனும் எடுத்து வருகிறார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தகுதியுள்ள கிராம சபைக்குத் தன் சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. உங்கள் எல்லைக்குள் அப்படி உரிமை கோரப்பட்டிருந்தால் அந்தக் கிராம சபையை விட்டுவிட்டுத் திட்டம் போடக் கூடாது. மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எந்த ஓடை எந்த மாதம் வற்றும், தீ வழக்கமாக எந்தச் சரிவில் ஏறும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வனத்துறையிடம் ஏற்கெனவே ஒரு பணித்திட்டம் இருக்கும். ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் பொதுவாகப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை எழுதப்படுவது. உங்கள் காப்புக்காட்டுக்கு அதில் என்ன சொல்லியிருக்கிறது, எந்த ஆண்டு எந்தத் துண்டில் நடவு, எங்கே தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாமல் இருக்கச் செடியும் சருகும் அகற்றிய பட்டை) என்று கேட்டு வாங்குங்கள். நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நடந்த வேலையை நேரில் பார்வையிடும் உரிமையும் அந்தச் சட்டத்தில் உண்டு. நட்டதாகச் சொல்லும் கன்றுகளை எண்ணிப் பார்க்க அது போதும். ஆனால் மனுவை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். கூடவே நடந்து வேலை செய்கிற குழுவுக்குப் பெரும்பாலான தாள்கள் மேசையிலேயே கிடைத்துவிடும்.

களத்தில் முதல் வேலை எல்லை நடை. காப்புக்காட்டு எல்லையில் எண்ணிட்ட கற்குவியல்களோ எல்லைக்கற்களோ இருக்கும். வனக்காப்பாளரோடு முழுச் சுற்றையும் நடந்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண், அட்ச தீர்க்க ரேகை, அடுத்த கல்லின் திசையில் ஒரு படம், வந்த கல்லின் திசையில் ஒரு படம் என்று பதியுங்கள். கைபேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் சொல்லும். மரத்தடியிலும் பள்ளத்தாக்கிலும் பத்து மீட்டர், அதற்கு மேலும் தப்பும். ஆகவே கைபேசியை வைத்துக்கொண்டு இது உன் நிலம், இது காடு என்று யாரிடமும் தீர்ப்பு சொல்லாதீர்கள். அதற்கு நில அளவர் வர வேண்டும். உங்கள் வேலை மாற்றத்தைக் கண்டு சொல்வது.

ஆக்கிரமிப்பு ஒரே நாளில் வருவதில்லை. முதலில் வேலியோரத்து உண்ணிச்செடி மட்டும் சுத்தமாகும். அடுத்த ஆண்டு அங்கே ஒரு வரிசை குழி. பிறகு ஒரு தண்ணீர்க் குழாய், அப்புறம் சில்வர் ஓக்கும் மிளகும், கடைசியில் வேலி பத்தடி தள்ளிப் போயிருக்கும். கல் நகர்ந்திருப்பதைவிடக் குழியும் குழாயும்தான் முதலில் கண்ணில் படும். கண்ட அன்றே கல் எண், தேதி, இரண்டு படங்களோடு எழுத்தில் ரேஞ்சருக்குக் கொடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, அக்டோபரிலும் பிப்ரவரியிலும், இந்த நடை போதும்.

இனி அடிப்படைக் கணக்கு. 300 ஹெக்டேருக்கு முப்பது நிரந்தர அளவிடங்கள் போதும். பத்து மீட்டர் ஆரமுள்ள வட்டம் ஒன்று 314 சதுர மீட்டர் வரும். முப்பதும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஹெக்டேர். சதுரத்தைவிட வட்டம் சரிவில் எளிது: நடுவில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நின்றால் போதும், மூலை மட்டம் பார்க்க வேண்டாம். ஆனால் சரிவில் கயிற்றைத் தரையோடு போட்டு அளந்தால் வட்டம் சுருங்கிவிடும். படுக்கை வாட்டில் பத்து மீட்டர் கிடைக்க 10 டிகிரி சரிவில் 10.15 மீட்டரும், 20 டிகிரியில் 10.64 மீட்டரும், 30 டிகிரியில் 11.55 மீட்டரும் கயிறு விட வேண்டும். சரிவு அளக்கக் கைபேசிச் செயலியே போதும்.

இடத்தை எங்கே போடுவது என்பதில்தான் பலரும் தவறுவார்கள். நடக்க வசதியாகப் பாதையோரமாகப் போட்டுவிட்டால், பாதையோரக் காட்டைப் பற்றி மட்டுமே தெரியும். பாதையோரத்தில் தீயும் குப்பையும் மேய்ச்சலும் எப்போதும் கூடுதல். வரைபடத்தை உண்ணி அடர்ந்த பகுதி, சென்ற ஆண்டு எரிந்த பகுதி, ஓடைக்கரை, பாறைப் புதர், ஓரளவு நல்ல காடு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு குத்துவதுபோல் கணினியில் சீரற்ற முறையில் தேர்ந்தெடுங்கள். ஏறவே முடியாத பாறை முகத்தில் விழுந்தால் மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள்.

வட்டத்துக்குள் 30 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். சரிவில் மேல் பக்கத்துத் தரையிலிருந்து அந்த உயரத்தை எடுங்கள். அளந்த கோட்டில் சிறு பெயின்ட் கோடு. அடுத்த முறை இரண்டு விரல் மேலே கீழே போனால் மரம் மெலிந்ததாகக் கணக்கு வரும். வட்டத்துக்குள் இரண்டு மீட்டர் ஆரமுள்ள நான்கு சிறு வட்டங்களில் நாற்றுகளையும் வேர்க்கட்டைத் துளிர்களையும் தனித்தனியே எண்ணுங்கள். இந்த எண்தான் உங்கள் காட்டின் எதிர்காலத்தைச் சொல்லும். உண்ணிச்செடியின் பரப்பை மட்டும் கண்ணால் மதிப்பிடலாம்: இல்லை, 10 சதவீதம் வரை, 25 வரை, 50 வரை, 75 வரை, அதற்கு மேல். இரண்டு பேர் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். முதல் சில இடங்களில் இருவரும் வெவ்வேறாகத்தான் எழுதுவார்கள். பத்தாவது இடத்துக்குள் ஒன்றுபட வேண்டும். ஒன்றுபடவில்லை என்றால் அந்த ஆண்டின் எண்ணை நம்பாதீர்கள்.

நடுப்புள்ளிக்கு இரும்புக் கம்பி நட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும். அசையாத பாறையில் பெயின்ட் புள்ளியும், அருகிலுள்ள மூன்று பெரிய மரங்களின் தூரமும் திசையும்தான் நிற்கும். அதே புள்ளியில் நின்று நான்கு திசையிலும் படம் எடுங்கள். கண் உயரம், கேமராவைப் பெரிதாக்காமல், பத்து மீட்டர் தள்ளி ஒருவர் இரண்டு மீட்டர் கோலைப் பிடித்து நிற்க. அடுத்த ஆண்டு பழைய படத்தின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்து அதே சட்டகத்தைப் பிடிக்க வேண்டும். டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரம் நல்ல காலம்: மழை ஓய்ந்திருக்கும், இலை இன்னும் உதிர்ந்திருக்காது. ஒரு ஆண்டு ஜனவரியிலும் அடுத்த ஆண்டு ஏப்ரலிலும் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட வழியே இல்லை.

செயற்கைக்கோள் படம் பற்றி மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். சென்டினல்-2 படம் இலவசம், பத்து மீட்டர் நுணுக்கம், ஐந்து நாளுக்கு ஒருமுறை. லேண்ட்சாட் 30 மீட்டர்தான், ஆனால் 1980களிலிருந்தே கிடைக்கிறது. பயன்படுத்துங்கள், இரண்டு எச்சரிக்கையோடு. உண்ணிச்செடியும் பச்சைதான். நாட்டு மரமும் புல்லும் செத்து உண்ணி மூடினாலும் படத்திலிருந்து கணக்கிடும் பசுமைக் குறியீடு குறையாது, சில இடங்களில் கூடவும் செய்யும். இலையுதிர் காட்டில் மார்ச் படத்தை டிசம்பர் படத்தோடு ஒப்பிட்டால் காடு முழுவதும் காணாமல் போனதாகத் தெரியும். மேலே காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் கிளை கழிக்கும்போதும் காடழிப்பு என்று தானியங்கி எச்சரிக்கை வரக்கூடும். எந்த நிறமாற்றத்தையும் நேரில் நடந்து போய்ப் பார்க்காமல் செய்தியாக்காதீர்கள்.

தீ விஷயத்துக்கு வருவோம். உங்கள் முதல் ஆண்டு உழைப்பில் பாதி இங்கே போக வேண்டும். இந்தப் பக்கத்துத் தீ பிப்ரவரியிலிருந்து மே வரை. மின்னலால் பற்றுவது அரிது. ஏறக்குறைய எல்லாமே மனிதர் கை: மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் எறியும் பீடித் துண்டு, பட்டா நிலத்தில் எரித்த குப்பை கடந்து வருவது, புதுப் புல்லுக்காகப் பற்ற வைப்பது, கோயில் பாதையில் சமைத்த அடுப்பு. எனவே தீத்தடுப்புக் கோடு காட்டுக்கு நடுவில் இருப்பதைவிட, மனிதர் வரும் ஓரத்தில்தான் முதலில் வேண்டும்: சாலை, ஒற்றையடிப் பாதை, பட்டா எல்லை.

கோட்டின் அகலம் அங்குள்ள எரிபொருளின் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மூன்று மடங்கு. முழங்கால் புல்லுக்கு மூன்று மீட்டர் போதும், ஆள் உயர உண்ணிக்கு ஐந்தாறு மீட்டருக்குக் குறையக் கூடாது. மண் தெரியும்படி சுரண்ட வேண்டும். வெட்டிய தழையைக் கோட்டின் ஓரத்திலேயே குவித்துவிட்டால் அதுவே திரியாகிவிடும். ஜனவரி முடிவுக்குள் வெட்டி முடித்தாலும் வேலை முடியாது, ஏனென்றால் இலையுதிர்வே பிப்ரவரி, மார்ச்சில்தான். சுத்தமாக வெட்டிய கோடு மூன்று வாரத்தில் மறுபடி சருகால் மூடிக் கிடக்கும். பல கோடுகள் பயனற்றுப் போவது இதனால்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூட்டுமாற்றால் தள்ள ஆள் ஒதுக்குங்கள். கோட்டை எரித்துச் சுத்தம் செய்வது, எதிர்த்தீ வைப்பது (வரும் தீக்கு எதிரே முன்கூட்டியே எரித்து அதை நிறுத்துவது) இரண்டும் வனத்துறைப் பணியாளர்கள் மட்டும் செய்ய வேண்டியவை.

அணைக்கப் போவதைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். பயிற்சி இல்லாதவர் தீயருகே போக வேண்டாம். தகவல் சொல்வது, தண்ணீர் கொண்டு வருவது, கோட்டில் நின்று பறந்து வரும் பொறியை மிதித்து அணைப்பது வரை தன்னார்வலர் வேலை. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் பழக்கமான கணக்கு. 30 டிகிரி சரிவில் சமதரையைப் போல் எட்டு மடங்கு. மனிதனால் ஏறித் தப்ப முடியாது. தீக்கு மேலே ஒருபோதும் நிற்காதீர்கள், குறுகிய ஓடைப் பள்ளத்துக்குள் இறங்காதீர்கள். பருத்தி உடுப்பு, மூடிய காலணி. பாலியஸ்டர் சட்டை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் கைபேசி எண்ணைப் பதிந்தால் தீ எச்சரிக்கை வரும். விர்ஸ் என்ற கருவி தரும் புள்ளி 375 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும். புள்ளி விழுந்த இடத்தில்தான் தீ என்று நினைத்து ஓடாதீர்கள், அந்தச் சதுரத்துக்குள் எங்கும் இருக்கலாம். அந்தக் கருவியைத் தாங்கிய செயற்கைக்கோள்கள் பிற்பகலிலும் நள்ளிரவுக்குப் பின்னும் ஒன்றரை மணியை ஒட்டிக் கடக்கும். மாலை நான்கு மணிக்குப் பற்றி இரவு பத்துக்குள் அடங்கிய தீ அதன் கண்ணிலேயே படாது. சேலத்தில் மேக்னசைட் சூளை போன்ற நிலையான வெப்ப மூலங்களும் புள்ளியாக விழலாம். ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் வரும் புள்ளிகளைக் கழித்துவிடுங்கள். ஆகவே செயற்கைக்கோளை மட்டும் நம்பாமல் ஊர்ப் பதிவேடு ஒன்று வேண்டும்.

பதிவேட்டில் ஒவ்வொரு தீக்கும் எட்டு விவரம்: தேதி, முதலில் கண்ட நேரம், கண்டவர், தகவல் சொன்ன நேரம், ஆள் போய்ச் சேர்ந்த நேரம், அணைந்த நேரம், தொடங்கிய இடம், எரிந்த எல்லை. எரிந்த எல்லையை இரண்டு நாள் கழித்து, புகை முழுக்க அடங்கிய பின், ஓரமாக நடந்து ஜிபிஎஸ்ஸில் வரைய வேண்டும். தொடங்கிய இடம்தான் இந்த எட்டிலும் விலை மதிப்பற்றது. மூன்று கோடைக் கணக்கை ஒரே வரைபடத்தில் போட்டால் புள்ளிகள் சில வளைவுகளிலும் சில பட்டா ஓரங்களிலும் கூடியிருப்பது தெரியும். அப்போது முழு எல்லைக்கும் ஆள் போட வேண்டியதில்லை. அந்த நாலைந்து இடத்தில் மார்ச் முழுவதும் பிற்பகலில் ஒருவர் இருந்தால் போதும்.

உண்ணிச்செடிக்கு வருவோம். கத்தியால் தரைமட்டத்தில் வெட்டினால் அடுத்த மழையில் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். ஜேசிபி விட்டால் மண் கிளறி, உறங்கிக் கிடந்த விதை எல்லாம் முளைக்கும், நாட்டு மரங்களின் வேர்க்கட்டையும் போகும். பலன் தருவது, தில்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் குழுவினரும் உருவாக்கிய வேரறுப்பு முறை. தூரைச் சுற்றி மண்ணை விலக்கினால் தண்டும் வேரும் சேரும் இடம் தடித்துத் தெரியும். துளிர்க்கும் மொட்டுகள் அந்தத் தடிப்பில்தான். அதற்குக் கீழே, மண்மட்டத்திலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், ஆணிவேரைக் கொத்தால் ஒரே வெட்டாக அறுத்து, செடியைத் தூக்கித் தலைகீழாக, வேர் வானம் பார்க்கக் கவிழ்த்து வையுங்கள். வேர் மண்ணில் பட்டபடி கிடந்தால் ஈரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

காலம் முக்கியம். மண் ஈரமாக, காய் பச்சையாக இருக்கும்போது வேலை நடக்க வேண்டும். காய் கறுத்துவிட்டால் குலுக்கும்போதே விதை கொட்டும். அப்படி இருந்தால் கிளைகளை முதலில் சாக்கின் மேல் வெட்டி ஒரே இடத்தில் குவியுங்கள், நாற்று வந்தாலும் அங்கேயே வரும். காய்ந்த குவியல் பிப்ரவரியில் நல்ல விறகு என்பதை மறக்காதீர்கள். தீத்தடுப்புக் கோட்டிலிருந்தும் மரத்தடியிலிருந்தும் தள்ளி, சிறு சிறு குவியலாக இருக்கட்டும்.

எவ்வளவு பரப்பை எடுப்பது? முதலில் 20க்கு 20 மீட்டர் சதுரம் ஒன்றைச் சுத்தம் செய்து எத்தனை ஆள், எத்தனை மணி என்று குறியுங்கள். ஒரு ஹெக்டேருக்கு அதைப் போல் 25 மடங்கு. அத்தோடு முடியாது. சின்னானும் மைனாவும் பழத்தைத் தின்று, உட்காரும் மரத்தடியில் விதையைப் போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் எடுத்த இடத்தில் குறைந்தது மூன்று மழைக்காலம் நாற்றுப் பிடுங்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு ஹெக்டேர் எடுத்தால் மூன்றாம் ஆண்டில் ஆறு ஹெக்டேர் உங்கள் தோளில் இருக்கும். இருபது ஹெக்டேரை ஒரே மூச்சில் வெட்டிவிட்டு அடுத்த ஆண்டு திரும்பிப் பார்க்காத வேலைதான் தமிழ்நாட்டில் அதிகம் நடந்தது. 2022இல் அரசு அறிவித்த அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் பற்றிய கொள்கை, அகற்றுவதோடு நிற்காமல் நாட்டுத் தாவரங்களை மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது. உங்கள் கோரிக்கை மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

தொடங்கும் இடம்: உண்ணி குறைவாக உள்ள ஓரம். அங்கே அடியில் நாட்டு நாற்றும் புல்லும் இன்னும் இருக்கும், வெளிச்சம் பட்டதும் எழும். அடர்ந்த நடுப்பகுதியைக் கடைசிக்கு வையுங்கள். செங்குத்தான ஓடைக்கரையில் மொத்தமாக எடுக்காதீர்கள், மண் இறங்கிவிடும். அங்கே சம உயரப் பட்டைகளாக, ஒரு பட்டை விட்டு ஒரு பட்டை. நாற்றுப் பிடுங்கும் ஆட்களுக்கு அடையாளம் சொல்லிக் கொடுங்கள்: உண்ணி நாற்றின் தண்டு நாலு பட்டையாக, வளர வளரச் சிறு வளைந்த முள்ளோடு இருக்கும், இலை சொரசொரப்பு, கசக்கினால் காரமான நெடி. அந்த மூன்றும் இல்லாததைத் தொடக் கூடாது. எடுத்த இடத்தில் அந்த மலையிலேயே சேகரித்த நாட்டுப் புல் விதையைத் தூவினால் உண்ணி நாற்று அடங்கும், காட்டுமாட்டுக்கு மேய்ச்சலும் கிடைக்கும்.

சீமைக்கருவேலம் அடிவாரத்துச் சமதரையில்தான் இருக்கும். அதற்கு ஆழமான அறுப்பு, ஓர் அடி வரை தோண்ட வேண்டும். காய் தின்ற ஆடு மாட்டின் சாணத்தோடு விதை பரவுவதால் காய்க்காலத்தில் அந்தப் பக்கம் மேய்ச்சலை நிறுத்தாமல் வேலையைத் தொடங்கினால் வீண்.

குப்பை எடுப்பதைப் படத்துக்கான வேலையாக்காமல், மலைப்பாதையை 100 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு எத்தனை சாக்கு, அதில் தண்ணீர்ப் பாட்டில் எவ்வளவு, உணவுப் பொட்டலம் எவ்வளவு என்று எழுதுங்கள். ஒருமுறைப் பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரியிலிருந்தே நடப்பில் இருக்கிறது. சோதனைச் சாவடியில் எதை நிறுத்த வேண்டும் என்பதற்கு உங்கள் கணக்கே ஆதாரம். குரங்குக்குத் தீனி போடும் வளைவுகளில்தான் குப்பையும் கூடுதலாக இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

கோடைத் தண்ணீர்த் தொட்டி கட்டச் சொல்லி ஊரில் ஒருவர் கேட்பார். புதிய தொட்டிக்கு முன் இருக்கும் ஊற்றையும் ஓடையையும் பாருங்கள். திருமணிமுத்தாறும் சரபங்காவும் பிறக்கும் மலை இது. கிளை ஓடைகளில் விழும் தாரையில் பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி என்று மூன்று முறை அளந்து சராசரியை மாதம் ஒருமுறை எழுதினால், காடு தேறுகிறதா என்பதை ஊருக்குக் காட்ட இதைவிட எளிய எண் கிடையாது. மழைமானி ஒன்றும் பள்ளிக்கூடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் மழை குறைந்ததையும் ஓடை குறைந்ததையும் பிரிக்க முடியாது. தொட்டி கட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு பக்கம் சாய்தளம் விடுங்கள். செங்குத்துச் சுவர் உள்ள தொட்டியில் சிறு உயிர்கள் விழுந்து மூழ்கும்.

எண்ணை வைத்து என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வைத்தால்தான் அது கண்காணிப்பு. உதாரணமாக: எடுத்த இடத்தில் உண்ணி மறுபடி 10 சதவீதத்தைத் தாண்டினால் புதிய இடம் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பழையதைப் பார்ப்பது, தகவல் சொன்னதிலிருந்து ஆள் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் காவலர் நிற்கும் இடத்தை மாற்றக் கேட்பது, சிறு வட்டங்களில் நாற்றே இல்லாவிட்டால் மேய்ச்சலா, தீயா, நிழலா என்று தனித்தனியே பார்ப்பது. ஜூன் மாதம் ரேஞ்சரையும் ஊராட்சித் தலைவரையும் உட்கார வைத்து இரண்டு பக்க அறிக்கை கொடுங்கள். அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். தாள் பதிவேடு ஊராட்சியில், ஒரு நகல் ரேஞ்சரிடம், கணினிக் கோப்பு இரண்டு இடத்தில். மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். கணக்கும் அவர்களோடு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டாய விதி: சந்தன மரம், அரிய ஆர்க்கிட், பறவைக் கூடு இவற்றின் இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். கைபேசிப் படத்துக்குள் இருப்பிடம் தானாகப் பதிந்திருக்கும். குழுவில் பகிரும் முன் அதை நீக்குங்கள். சந்தனத்துக்குத் தனிப் பதிவேடு, அதுவும் ரேஞ்சர் அலுவலகத்தில் மட்டும்.

மூன்றாம் ஆண்டு ஜனவரியில் முப்பது இடங்களையும் மறுபடி அளந்த பின் நடவைப் பற்றிப் பேசலாம். இரண்டு கோடை தீ வராத, உண்ணி அடங்கிய, ஆனால் நாற்றும் துளிரும் வராத துண்டுகள் மட்டும்தான் நடவுக்கு உரியவை. ஓடைக்கரையில் நீர்மருது, புங்கன். மேட்டில் உசிலை, வெக்காலி, நெல்லி. விதை அதே மலையில் எடுத்ததாக இருக்கட்டும். ஒன்றரை அடி நீள அகல ஆழக் குழி, செப்டம்பர் கடைசியில் மண் நனைந்த பிறகு நடவு, கன்றுக்கு எண் பொறித்த தகடு. பிழைத்த கணக்கை நட்ட மூன்றாம் மாதம் எடுத்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். முதல் கோடை தாண்டி ஜூனில் ஒருமுறை, இரண்டாம் கோடை தாண்டி ஒருமுறை எண்ணுங்கள். செத்த கன்றுக்குக் காரணத்தையும் எழுதுங்கள்: காய்ந்ததா, கடித்ததா, எரிந்ததா. ஆயிரம் வேண்டாம், இருநூறில் தொடங்குங்கள். இருநூறுக்கும் இரண்டாம் கோடையில் தண்ணீர் யார் ஊற்றுவது என்று பெயர் எழுதிய பிறகு குழி எடுங்கள்.